மூக்குக்கு எட்டாத கசிவு

காரைக்கால் ஐஸ் கம்பெனியில் முத்து முகம்மதுவுக்குப் பதினேழு வருட சர்வீஸ். கம்ப்ரசர் வேலையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எந்தக் குழாயில் அமோனியா கசிந்தாலும் வாசலில் நின்றபடியே மோந்து, இன்ன மூட்டு என்று சொல்லிவிடுவார். ஐஸ் ஏற்ற வரும் மீன்காரர்கள் அவரை ‘மூக்கு பாய்’ என்றார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஐம்பத்தாறாம் வருடம் பங்குனியில் நடராசன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நடராசன் சைகோனில் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்து, அறையைக் குளிரவைக்கும் பழைய மெஷின் ஒன்றோடு கப்பலேறி வந்தவர். கம்ப்ரசர் முற்றத்தில், காற்றுப் பெட்டி பூஜையறைக்குப் பக்கத்து அறையில், இரண்டுக்கும் நடுவே செப்புக் குழாய். வேற்று ஆள் அந்த அறைக்குள் போகலாகாது. முத்து முகம்மதுவுக்கு ஒரே ஒரு பகல் கிடைத்தது. ஐஸ் கம்பெனி இரும்புக் குழாய்களை இறுக்குவது போலவே, உடம்பின் பாரம் முழுவதையும் ஸ்பானரில் போட்டு நட்டுகளை இறுக்கினார். சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினார். மோந்து பார்த்தார், ஒன்றுமில்லை. மறுநாள் அறையைக் கழுவி, ஐயரை வைத்துப் புண்ணியாவாசனம் செய்தார்கள்.

குளிரில் நடராசனுக்குச் சளி பிடித்துக்கொண்டது. அவர் மாடியில் படுத்தார். மெஷின் வீணாக ஓடக்கூடாதென்று மனைவி நீலாயதாட்சியை அந்த அறையில் படுக்க வைத்தார்.

இருபது நாளில் குளிர் குறைந்தது. முத்து முகம்மது முற்றத்திலிருந்தே வாயு ஏற்றினார். அடுத்த இருபது நாளில் மறுபடியும். ஐஸ் கம்பெனியிலும் மாதாமாதம் ஏற்றுவது வழக்கம் என்பதால் அவருக்கு அது உறுத்தவில்லை.

நீலாயதாட்சிக்கு நாக்கு குழறத் தொடங்கியது. நடக்கையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குத்துவிளக்கு இரண்டாகத் தெரிகிறது என்றாள். நடராசனின் அலமாரியில் பிராந்தி இருந்தது. அவருடைய அக்காள் அஞ்சுகம் புட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். பிராந்தி கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. நீலாயதாட்சி குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுகிறாள் என்று சொன்னாள். வாயு ஏற்ற வந்த முத்து முகம்மதுவையும் விடவில்லை.

“பாய், கடைத்தெருவுல விழுந்து கெடக்கறவனாவது காசு குடுத்துக் குடிக்கிறான். எங்க மகாராணிக்குப் பொட்டிக் காத்துலயே ஏறுது, பாத்தீங்களா?”

முத்து முகம்மது சிரித்தார். அறைக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். வார்த்தை பிடிபடவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

ஆனியில் சிலிண்டர் தீர்ந்தது. புது சிலிண்டருக்கு நாகப்பட்டினம் போனார். கடைக்காரர் சுப்பையன் கணக்கு போட்டுப் பார்த்தார்.

“வீட்டு மெஷினுக்கா இவ்வளவு? ஒழுகுதுய்யா.”

“வாசனையே வரலீங்களே.”

“இது அமோனியாவா, வாசனை வர? சோப்புத் தண்ணி தடவிப் பாரும். மூடுன ரூம்ல யாரையும் படுக்க விடாதேயும். கள்ளுக் குடிச்சாப்ல ஆயிருவாங்க. அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க.”

முத்து முகம்மது அடுத்த பஸ்ஸிலேயே காரைக்கால் திரும்பினார்.

நேரே அந்த வீட்டுக்குப் போனார். முற்றத்துப் படியில் நின்றபடி, சோப்பைக் குழைத்துப் பெட்டிக்குக் கீழே இருக்கும் பித்தளை நட்டில் தடவச் சொன்னார். நீலாயதாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தடவினாள்.

“நுரை வருது பாய். ஊதிக்கிட்டே இருக்கு.”

முற்றத்து வால்வை அவர் மூடினார். பேச்சுச் சத்தம் கேட்டு நடராசன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அஞ்சுகமும் வந்தாள். நீலாயதாட்சி நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

“இதனாலதான் எனக்குத் தலை சுத்துதா, பாய்?”

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அந்த நட்டை இறுக்கிய கை அவருடையது. மோந்து பார்த்துச் சரி என்றதும் அவர்தான்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. சின்ன மராமத்துதான்.”

“கேட்டியா தம்பி?” என்றாள் அஞ்சுகம். “மெஷின் மேல பழியப் போடுறா.”

மறுநாள் காலை மாட்டுவண்டியில் நீலாயதாட்சியைப் பூவத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். குடிகாரிக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று நடராசன் தெருவுக்குக் கேட்கச் சொன்னார். வண்டியில் ஏறும்போது அவள் கால் தடுமாறியது. அக்கம்பக்கத்தார் நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அறை காலியானதால் முத்து முகம்மதுவுக்கு இன்னொரு பகல் கிடைத்தது. நட்டைக் கழற்றினார். அதற்குள் விரித்திருந்த செப்புக் குழாயின் வாய் மயிரிழை அகலத்துக்குப் பிளந்திருந்தது. மெல்லிய செம்புக்கு அவருடைய கைப்பலம் அதிகம். வெட்டி, புதிதாக விரித்து, விரல் பலத்துக்கு மேல் கால் திருகு மட்டும் இறுக்கி, சோப்பு தடவினார். ஒரு குமிழ்கூட இல்லை. மறுபடியும் அறையைக் கழுவினார்கள். அஞ்சுகம் அங்கே படுக்கத் தொடங்கினாள். நன்றாகத் தூங்கினாள்.

ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஐஸ் கொண்டுபோன முத்து முகம்மது பூவத்தில் வண்டியை நிறுத்தினார். அடிபம்பில் நீலாயதாட்சி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நேராக நின்றாள். பேச்சில் குழறல் இல்லை.

“மெஷின் ஓடுதா பாய்?”

“ஓடுதும்மா.”

“இப்ப எத்தனை நாளைக்கு ஒருக்கா வாயு ஏத்துறீங்க?”

மெஷின் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

“நீங்க போன அன்னைக்கு நட்டைச் சரிபண்ணி ஏத்துனதுதாம்மா. ரெண்டு மாசமா ஏத்தல.”

அவள் பம்பின் கைப்பிடியை விட்டாள். குடம் வழிந்து, நீர் நின்றது.

“அப்ப இந்தத் தடவை நல்லா செஞ்சுட்டீங்க” என்றாள்.

வண்டியில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.