சின்னம் வரையாத வட்டம்

பேனர் கடை முருகன்தான் எனக்குச் சொன்னான். "சார், ரெஜினாக்கா காலைல பூட்டாங்க" என்றவன், நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைக் கேட்டான்: "அஞ்சலி பேனர்ல பேருக்குக் கீழ இன்னா போடறது? கவுன்சிலரா, முன்னாள் கவுன்சிலரா?" அழுவதா, பதில் சொல்வதா என்று புரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், ரெஜினாவை அறிந்த உங்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன் என்று கிளம்பியவர் அவர். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைச் சுவருக்கு வெள்ளையடித்துப் பெயரும் கைபேசி எண்ணும் எழுதினார். சின்னம் கிடைத்ததும் வரைந்துகொள்ள ஒரு வட்டத்தைக் காலியாக விட்டார். அப்புறம் தொற்று வந்தது, ஊரடங்கு வந்தது, தேர்தல் தள்ளிப்போனது. உயிர் பெரிதா, ஓட்டு பெரிதா? தள்ளிவைத்தது சரியென்றே அன்று நினைத்தேன். முறையிட ஓர் ஆள் இல்லாமல் ஜனங்கள் தவித்ததும் அப்போதுதான். இன்றுவரை எனக்கு இது தெளியவில்லை.

சுவரில் எண்ணைப் பார்த்தவர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "நான் கவுன்சிலர் இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? முகக்கவசம் மாட்டிக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"நடக்காத தேர்தல்ல நிக்கப்போறவ. தண்ணி லாரி எப்ப வரும்?"

லாரி வந்தது.

ஒருவழியாகத் தேர்தலும் வந்தது. வீடு வீடாகப் போனபோது ஓர் அம்மாள் பிடித்துக்கொண்டார். "இத்தினி நாளா நீதானே கவுன்சிலரு? இன்னாத்த கிழிச்சே? ரோடு அப்படியேதானே கீது!" கேட்டது அவர் ஒருவர்தான், நினைத்தது தெருவே. ரெஜினா தோற்றுப்போனார். வகிக்காத பதவிக்காக ஒருத்தியைத் தோற்கடித்த அநியாயம் வேறெங்காவது உண்டா? எனக்கு ஆத்திரமாக வந்தது. ரெஜினா சிரித்தார். "திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த கண்ணீர்தானா என்று நான் கேட்கவில்லை.

புதிய கவுன்சிலர் வந்த பின்னும் ஜனங்கள் ரெஜினாவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் இறந்த அன்றும் சவப்பெட்டியின் பக்கத்திலேயே அவருடைய கைபேசி அடித்தது. அவர் தங்கை அழுதுகொண்டே அதை என்னிடம் நீட்டினார். "அக்கா, சாக்கடை பொங்கிக்கினு கீது. வூட்டுக்குள்ள வந்துடும்போல கீதுக்கா." பெட்டிக்குள் ரெஜினா. "பார்க்கிறேம்மா" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் மண்டல அலுவலகத்தில் என்னையும் கேட்டார்கள், "நீங்க யாரு சார்?" எனக்கு அவருடைய வாய் ஏது? தெருப் பெயரை மட்டும் சொன்னேன்.

"ஓ, ரெஜினாம்மா வார்டா?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

முருகனிடம், பெயருக்குக் கீழே இடத்தைக் காலியாகவே விடச் சொல்லிவிட்டேன். தங்கையிடம் கேட்டு அந்தக் கைபேசியை நான் வைத்துக்கொண்டேன். எண் பழையதுதான், கூப்பிடுங்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் எடுப்பேன்.