கதவுக்குள் வைத்த ரப்பர் ஷீட்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, நம் ஆலய மலரில் இந்த முறை என் பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆலயத்திலிருந்து திரும்பும்போது என் மகள் எங்கள் காரில் ஏற மாட்டாள். பாட்டு நன்றாகக் கேட்கிறதென்று பக்கத்து வீட்டு செல்வினின் காரில் போய் உட்காருவாள். எனக்கு வயிறு எரியும்.

அவன் வைத்திருந்த அதே ஸ்பீக்கரை வாங்கினேன். கார் கதவுக்குள் பொருத்தியபோது அதன் பின்பக்கம், உள்ளே இறங்கும் கண்ணாடியில் இடித்தது. ஸ்பீக்கரைச் சற்று வெளியே தள்ளி நிறுத்த அடியில் ஒரு வளையம் வேண்டும். செல்வின் கறுப்பாக ஏதோ வைத்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அவனிடம் கேட்க மனம் வரவில்லை. ரப்பர்தான் என்று நினைத்து, மரத்துப் பாலை உறையவைத்து விற்பதற்காக வீட்டில் உலர்த்தியிருந்த ரப்பர் ஷீட்டை வெட்டி அடுக்கினேன். இரண்டே நாள் வெயிலில் அது இளகி, ஸ்பீக்கர் சரிந்து கரகரத்தது.

சத்தம் கேட்டு செல்வின் வந்து பார்த்தான்.

"அண்ணே, ஷீட்டை விக்காம இதுக்குள்ளயா வச்சிய? நான் வச்சது காய் வெட்டுத கறுப்பு பிளாஸ்டிக் பலகையாக்கும். மழையில ஊறாது, வெயில்ல இளகாது. எங்கிட்ட கேட்டிருக்கப்பிடாதா?"

அவனே பலகை கொண்டுவந்து வளையம் வெட்டிப் பொருத்தினான். மகள் ஓடிவந்து பாட்டைக் கேட்டாள்.

"அப்பா, நீங்களா செஞ்சிய?"

"ஆமா மக்கா" என்றேன். பக்கத்தில் நின்ற செல்வின் கையில் ஒட்டிய பிளாஸ்டிக் தூளைத் தட்டிக்கொண்டு போனான்.

இப்போது அவள் எங்கள் காரில்தான் வருகிறாள். என் பொய்யைக் கேட்டும் பேசாமல் போக அவனால் முடிந்ததே என்று நான் இன்னும் பொறாமைப்படுகிறேன். இதை அவளும் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.