இருவர் சேர்ந்து செய்யும் வேலை

காலை ஐந்து நாற்பதுக்கு மாடி ஜன்னலைத் திறந்தபோது முதலில் தெரிந்தது குற்றால மலையை மறைத்து நின்ற மேகம். இரவெல்லாம் அங்கே மழை பெய்திருந்தது. அன்று அக்காவுக்குக் காவலர் தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவுக்குக் கணக்குகளை வாசித்தேன். ஒரு வேலையை ஒருவன் பன்னிரண்டு நாளில் முடிப்பான், இன்னொருவன் இருபத்துநாலு நாளில். சேர்ந்து செய்தால்?

"எட்டு. விகிதத்துல கேளு ஏட்டி, அதுலதான் இடிக்குது" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே வயல்ல இறங்குனா எட்டு நாளும் சண்டைதான் நடக்கும்" என்றார் அப்பா. பக்கவாதம் வந்த பிறகும் அவருக்குப் பேச்சு குறையவில்லை. உடம்பின் ஒரு பக்கம் செயலற்று, பாரம் மட்டும் கூடியிருந்தது. முந்தின நாளிலிருந்து வயிறு வேறு போய்க்கொண்டிருந்தது.

அம்மா இறந்த பிறகு அவரைப் புரட்டவும் துடைக்கவும் அக்காவுக்கு உதவியாகத் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் வருவாள். அன்று அவளும் நானும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"அக்கா, அருவில தண்ணி விழுதுல்லா. லாட்ஜ்ல வேலைக்கு ஆள் கூப்பிடுதாங்க. இன்னைக்குப் போகலன்னா சீசன் பூரா சேக்க மாட்டாங்க."

கீழ்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவர்களும் விடியுமுன்பே அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். எதிர்வீட்டில் முதியவர் ஒருவர் மட்டும்தான்.

"நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"எங்க, இப்பம் தூக்கு பாப்போம்" என்றாள் அக்கா.

அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். மேல்பாதி மட்டும் எழுந்தது. பிறகு அவர் கட்டிலின் விளிம்புக்குச் சரிந்தார். தோளில் பையோடு நின்ற அக்கா ஓடிவந்து முட்டுக்கொடுத்தாள். நாங்கள் போட்ட கணக்குகளில் தனியாக விட்டாலும் ஒருவன் என்றைக்காவது வேலையை முடித்துவிடுவான்.

"நீ கெளம்புட்டி" என்றார் அப்பா. "அரைநாள் நனைஞ்சு கெடந்தா செத்தா போயிருவேன்?"

"முதுகுப் புண்ண நீங்க பாக்கல. நான் பாக்கேன்."

"உங்கம்மா இருந்தா உன்னைய அடிச்சே அனுப்பிருப்பா."

அக்கா பையை ஆணியில் மாட்டிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

தேர்வு மையத்தின் கதவை ஒன்பதரைக்கு மூடுவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டி, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தோம்.