பீலில் ஒரு நத்தார் வாழ்த்து

சுவிட்சர்லாந்தின் பீல் நகர ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. நாளை கிறிஸ்துமஸ், ஈழத்தவர் சொல்லில் நத்தார். மேசை துடைப்பவரின் நெற்றியில் திருநீறு. பெயர் நடேசன், ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லையாம்.

கடிகாரத் தொழிற்சாலைக் கிழவர் ஒருவர் காப்பியை முடித்துவிட்டு எழுகிறார். "ஜொயே நொயேல்!" என்று நடேசன் பிரெஞ்சில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறார். கிழவர் சிரித்தபடி தொப்பியை உயர்த்துகிறார். கல்லாவிலிருந்து முதலாளி முறைக்கிறார்.

"அவருக்கு ஏன் கோபம்?" என்று கேட்கிறேன்.

"நத்தார் எண்டு சொல்லக்கூடாதாம். துருக்கிக்காரரும் வருகினம், பொதுவா 'நல்ல விடுமுறை' எண்டு சொல்லட்டாம். நீ இந்துதானே, உனக்கேன் நத்தார் எண்டும் கேட்டவர்."

"வேலை போய்விட்டால்?"

"போகட்டும் அண்ணை. ஊரில எங்கட பக்கத்து வீடு வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள். நத்தாருக்கு அவை பலகாரம் குடுத்துவிட்ட தட்டை நாங்கள் ஒருநாளும் வெறுமையாத் திருப்பிக் குடுத்ததில்லை. பெருநாளின்ரை பேரைச் சொல்லாத வாழ்த்து வெறுந்தட்டுத்தான்."

முதலாளி வந்து அவர் முன் நின்று ஏதோ அதட்டுகிறார். நடேசன் துணியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்கிறார். "ஜொயே நொயேல், முசியே!"

பழக்கத்தில் முதலாளியின் வாய் அதையே திருப்பிச் சொல்லிவிடுகிறது. அவர் முகம் சிவக்கிறது.

நடேசன் அடுத்த மேசைக்குப் போகிறார். "தை பிறக்கட்டும் அண்ணை. பொங்கல் வாழ்த்தும் இவருக்குத்தான் முதல்ல சொல்லுவன்."