அறுபத்து நான்கு கிராம்: யோகன் அண்ணையை நினைத்து

பனிவண்டி மெக்கானிக் யோகேஸ்வரனின் பெயருக்கு நேர்ந்தவை, தேதிவாரியாக:

1. ஜனவரி 9. அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். பதினேழு ஆண்டுகள் அவர் வேலை செய்த மலைப்போக்குவரத்து நிறுவனத்தின் பணிமனைப் பொறுப்பாளர், அவர் அமைத்து வைத்திருந்த மீட்புப் பனிவண்டியின் கிளட்ச் எடைகளை மாற்றச் செய்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2. ஜனவரி 21. கால் முறிந்த ஒரு பெண்ணைச் சறுக்குப் படுக்கையில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு கேபிள் காரின் மேல் நிலையத்தை நோக்கி ஏறிய அதே வண்டி, கிளட்ச் பெல்ட் கருகி அறுந்து நின்றது. வேறு வண்டி வரும் வரை நாற்பது நிமிடங்கள் அந்தப் பெண் பனியில் கிடந்தார்.

3. பிப்ரவரி 3. விபத்து அறிக்கை வெளிவந்தது. காரணம்: மெக்கானிக் யோகேஸ்வரனின் அனுமதியற்ற கிளட்ச் அமைப்பு. கூடுதல் குறிப்பு: பெல்ட் மூடியின் உட்புறத்தில் வாசிக்க இயலாத கிறுக்கல்கள்.

4. பிப்ரவரி 4. அந்த அறிக்கையைத் தொழில்நுட்பப் பிரிவின் சார்பில் ஏற்றுக் கையெழுத்திட்டவன் நான்.

5. பிப்ரவரி 6. அவர் இறந்தார். அறிக்கை இன்றும் ஊழியர் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது.

செய்தி வந்தபோது அந்த வண்டியின் பெல்ட் மூடி என் கையில் இருந்தது. அப்போதுதான் கழற்றியிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மனைவி சாந்தா அக்கா. “தம்பி, இவர் போயிட்டார். தேத்தண்ணி கேட்டவர். நான் கொண்டு வாறதுக்கிடையிலை…” என்றார். பிறகு, அழுகையை நிறுத்திக்கொண்டு, “நீங்கள் எங்கை நிக்கிறியள்?” என்று கேட்டார். பணிமனையில் நிற்கிறேன் என்றேன். “ஓம், நேற்றிரவு முழுக்க உங்களைப் பற்றித்தான் கதைச்சவர்” என்றார்.

ஏன் என்பது எனக்குத் தெரியும். முந்தைய நாள் மாலை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அறிக்கையைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“மூடியைக் கழட்டிப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார்.

“இல்லண்ணே.”

“பாக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?”

அவர் வீடு திரும்பியதும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகச் சொன்னேன். ஒரு பொறியாளனின் வாயிலிருந்து வரக்கூடாத விடை அது. அவர் கோபப்படவில்லை. “நான் பிழை விட்டிருக்கலாம், எஞ்சினியர். அதுவும் நடக்கும். ஆனா கழட்டிப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ” என்றார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பதாக வாக்களித்தேன்.

அவரை நான் அறிந்தது மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு. டர்போ பொருத்திய பனிவண்டிகள் அப்போதுதான் நிறுவனத்துக்கு வந்திருந்தன. கோயம்புத்தூரில் படித்து, சூரிச்சில் மேற்படிப்பு முடித்தவன் என்ற நினைப்போடு, உயரம் கூடக் கூடக் கிளட்ச் எடைகளை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினின் வலு குறைகிறது. வலு குறைந்த எஞ்சின் சுழல, கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைகளும் இலேசாக வேண்டும். பாடப்புத்தகப்படி சரி. அவர் மறுத்துப் பேசவில்லை. தாளில் உள்ளபடியே எடைகளைப் போட்டார். “வாங்கோ, மேலை போவம்” என்றார்.

மேல் நிலையம் இரண்டாயிரத்து அறுநூறு மீட்டரில் இருக்கிறது. ஏற்றத்தில் என்னையே ஓட்டச் செய்தார். எஞ்சின் வீறிட்டது, வண்டி அதற்கேற்ற வேகத்தில் போகவில்லை. நிறுத்தி, மூடியைக் கழற்றினார்.

“பெல்ட்டிலை கையை வையுங்கோ.”

வைத்த வேகத்தில் எடுத்தேன்.

“சுடுகுதோ? உங்கடை தாளும் சுட்டிருக்கும், பொக்கற்றிலை பாருங்கோ.”

பிறகு, பனியில் முழந்தாளிட்டு, பழைய எடைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே விளக்கினார். “சாதாரண எஞ்சினுக்கு மேலை போகப் போக மூச்சு வாங்கும். டர்போ தன்ரை காத்தைத் தானே அமத்திக் கொண்டு போகுது. மூச்சு வாங்காதவனுக்கு ஏன் சுமையைக் குறைக்கிறியள்? எடை குறைஞ்சா பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஆளில்லை. வழுக்கும், சுடும், அறும்.” மறுபடியும் அதே ஏற்றம். இம்முறை பெல்ட்டில் கையை வைத்தபடியே அவரோடு பேச முடிந்தது.

அவர் அட்டவணைகளுக்கு எதிரானவர் அல்லர். பணிமனைச் சுவரில் இருக்கும் அட்டவணையே அவர் எழுதியதுதான்: டர்போ இல்லாத பழைய வண்டிகளுக்கு. புதியவற்றுக்கு எந்தத் தாளையும் அவர் நம்பவில்லை. அடிவாரத்தில் அமைத்து மேலே அனுப்பினால் நேரம் மிஞ்சுமே என்று பொறுப்பாளர் ஒருமுறை எரிச்சலோடு கேட்டபோது, ஜெர்மனில் அமைதியாக, “மிஞ்சும். அந்த நேரத்தில் நீங்கள் மேலே வந்து வண்டியைத் தள்ளலாம்” என்றார். கருவிப் பெட்டியையும் ரொட்டிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு கேபிள் காரில் ஏறிவிட்டார். ஒவ்வொரு வண்டியும் எந்த உயரத்தில் உழைக்கிறதோ, அங்கேதான் அதைச் சரிபார்ப்பார்.

முடிவை மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதுவார். தமிழில். ஏன் ஜெர்மனில் எழுதுவதில்லை என்று கேட்டேன். “ஜேர்மனிலை எழுதினா வாசிச்சுப்போட்டுத் தாங்களே மாத்துவினம். விளங்காட்டி என்னட்டை வந்து கேப்பினம்” என்று சிரித்தார். பல ஆண்டுகள் அப்படித்தான் வந்து கேட்டார்கள். ஜனவரி 9 அன்று கேட்கவில்லை. ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்திருக்கும். அவரை எழுப்ப மனமில்லை என்றால், பக்கத்துக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நான் இருந்தேன். அறிக்கை எழுதியபோதும் எவரும் என்னைக் கேட்கவில்லை. கையெழுத்துக்கு மட்டும் தேடி வந்தார்கள். நானும் கேட்கவில்லை.

மூடியின் உட்புறத்தில் இருந்தது இதுதான்: “டிசெம்பர் 2. மேல் நிலையம், 2600. எடை 64 கிராம். குறைக்கப்படாது. பெல்ட்டிலை கை வைக்கலாம். யோகன்.”

கிளட்ச்சைப் பிரித்தேன். உள்ளே இருந்த எடைகள் ஒவ்வொன்றும் ஐம்பத்தெட்டு கிராம். சுவர் அட்டவணையில், பழைய வண்டிகளுக்கு, அதே உயரத்துக்கு எழுதப்பட்டிருக்கும் எண். அது என்னை வேலைச் சீட்டுகளைத் தேட வைத்தது. ஜனவரி 9-ஆம் தேதிச் சீட்டில், பொறுப்பாளரின் கையெழுத்தோடு, “அட்டவணைப்படி திருத்தப்பட்டது” என்று இருக்கிறது.

யோகன் அண்ணை பிழை விடவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு காலைப்பொழுது குறைந்து போயிற்று. அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் சொல்கிறேன். மூடி நிறுவனத்தின் உடைமை, வண்டியிலேயே விட்டுவந்தேன். அதன் படம் இந்த நினைவு மலரின் பின்னட்டையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு: கை வைத்துப் பார்க்காத எதன் அடியிலும் என் பெயர் இனி இருக்காது.

பிப்ரவரி 4-ஆம் தேதிக் கையெழுத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற்றுவிட்டேன். இந்தக் கட்டுரையின் ஜெர்மன் வடிவம், சீட்டின் நகலோடும் மூடியின் மொழிபெயர்ப்போடும், பதிவுத் தபாலில் நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அதன் கடைசிப் பத்தி இது:

அறிக்கை திருத்தப்பட வேண்டும். திருத்தம் அதே அறிவிப்புப் பலகையில், அதே இடத்தில் ஒட்டப்பட வேண்டும். பதில் எனக்கு வேண்டாம். அது திருமதி சாந்தா யோகேஸ்வரனின் பெயருக்கு, எழுத்தில், பணிமனைப் பொறுப்பாளரின் கையொப்பத்துடன், மார்ச் 20 மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.