கயிறு உருகிய இடம்

கிணற்றிலிருந்து எதைத் தூக்கினாலும், அது நீருக்கு மேலே தலைகாட்ட ஒரு சாண் இருக்கையில் சிவரூபன் நிறுத்திவிடுவார். வலக்கை சங்கிலியில் இருக்கும். இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் நனைந்த கயிற்றை, காய்ச்சல்காரனின் நாடியைத் தொடுவதுபோலத் தொட்டிருக்கும். கண் கிணற்றுக்குள் இராது. எதிரே நிற்கிற வாழையிலோ மதிலிலோ போய் நிற்கும். மூச்சை உள்ளே இழுத்து, கால்களை அகட்டி மண்ணில் ஊன்றி, அதற்குப் பிறகுதான் மிச்சத்தைத் தூக்குவார்.

அவர் கும்பிடுகிறார் என்றுதான் சனம் நினைத்தது. யாராவது கேட்டால் சிரிப்பார்.

"தண்ணிக்குள்ளை கிடக்கிறவரைக்கும் எந்தச் சாமானும் பாரம் குறைஞ்சதுதான். தண்ணி கீழாலை தாங்கிக்கொண்டிருக்கும். வெளியிலை வரேக்கைதான் தன்ரை முழுப் பாரத்தையும் சொல்லும். அந்த இடத்திலை கை தயாரா இருக்கவேணும்."

சொன்னது உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மை. இளந்தாரியாக இருந்தபோது நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக் கிணற்றில், விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியை இறக்கினார். பல கொக்கிகள் கொண்ட அந்தக் கரண்டி எதிலோ மாட்டியது. வாளியென்று நினைத்து, பக்கத்தில் நின்றவனோடு பகிடி விட்டுக்கொண்டே இழுத்தார். லேசாகத்தான் வந்தது. நீர்மட்டத்துக்கு வந்தபோது முதலில் தெரிந்தது தலைமயிர். அந்தப் பெண்ணை ஊர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சாண் தூரத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் குளிக்கும்போதுகூட, வாளிக்குள் கையை விடுமுன் ஒரு கணம் தயங்குவார். மனைவி குணலட்சுமி அதைக் கண்டும் கேட்டதில்லை. "தண்ணியோட கோவமோ?" என்று மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோப்பாயில் அவருக்கு ஒரு தகரக் கொட்டில். நீர் இறைக்கிற மோட்டர்களைப் பூட்டுவதும் கழற்றுவதும் தொழில். கிணற்றுக்குள் விழுந்ததைத் தூக்க வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மூன்று இரும்புக் குழாயும், சாக்குக்குள் பாரம் தூக்குகிற செயின் புளொக்கும் ஏறும். குழாய்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் அதைக் கொழுவிவிட்டால் ஒரு மனிதன் ஒரு மாட்டைக்கூடத் தூக்கலாம். சங்கிலியை முழம் முழமாக இழுக்க, பாரம் விரல்கடை விரல்கடையாக ஏறும். இழுக்கிற பலம் குறையும், இழுக்கிற நீளம் கூடும். மொத்த வேலை குறைவதே இல்லை. உலகத்தில் எதையும் சும்மா தூக்க ஏலாது என்பது அவருக்கு அந்தச் சங்கிலி சொன்ன சங்கதி.

போன சித்திரையில் கீரிமலைப் பக்கமிருந்து வித்தியா என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பல வருசமாக ராணுவம் பூட்டிவைத்திருந்த காணியை விட்டிருக்கிறார்கள், பற்றை வெட்டிக் கிணற்றைக் கண்டுபிடித்திருக்கிறோம், கிணற்றுக்குள் அப்பாவின்ரை தண்ணி இறைக்கிற எஞ்சின் கிடக்குது, எடுத்துத்தர வேணும் என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எஞ்சின் மட்டுந்தானோ எண்டும் பாக்கவேணும்" என்றாள். அவர் பாதாளக்கரண்டியையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

காணியில் வீட்டின் அத்திவாரமும் ஒரு சுவர்த்துண்டும் மிச்சமிருந்தன. பக்கத்தில் தற்காலிகத் தகரவீடு. கிணறு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. கட்டுக்கு அருகே கப்பி பூட்டிய இரண்டு இரும்புத் தூண்களும் துருப்பிடித்து நின்றன. அந்தச் சிறு தெருவில், ஒழுங்கையில், இருந்த சனம் குடத்தோடு வந்து அள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான். வித்தியாவின் தாய் கனகாம்பிகை மட்டும் அதைக் குடிப்பதில்லை. தாங்கி வண்டியில் வருகிற தண்ணீருக்குக் குடத்தை வைத்துக் காத்திருப்பாள்.

அறுபதைத் தாண்டிய மெலிந்த மனுசி. நெற்றியில் குங்குமப் பொட்டு. சிவரூபன் குழாய்களை இறக்கும்போது அருகில் வந்து நின்று, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினாள்.

"தொண்ணூறாம் ஆண்டு தம்பி. ஆமியின்ரை செல் குண்டு விழத் தொடங்கீட்டுது. சனம் எல்லாம் வெளிக்கிட்டுது. இவள் கைக்குழந்தை. அவர் சொன்னார், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்தோட நட, நான் எஞ்சினைக் கிணத்துக்கை இறக்கிப்போட்டு வாறன் எண்டு."

அந்த நாளில் எல்லாரும் செய்ததுதான். பித்தளைக் குடம், தையல் மெசின் என்று காவிக்கொண்டு போக முடியாததைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்தார்கள். ஒரு கிழமை, மிஞ்சினால் ரெண்டு கிழமை.

"அவர் வரேல்லை" என்றாள்.

பிறகு கப்பித் தூணைக் காட்டினாள். "மெல்லிய மனுசன். எஞ்சின் அவரைப்போல மூண்டு பேர் பாரம். தனிய ஒரு ஆள், ஒற்றைக் கப்பி. ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காதாம், இழுக்கிற பக்கத்தைத்தான் மாத்துமாம். பள்ளிக்கூடத்திலை பாடமாக்கினது. அண்டைக்குச் சனத்தோட நடந்து கனதூரம் போகேக்கை சடாரெண்டு அது ஞாபகம் வந்துது. எஞ்சின் கீழை போகேக்கை கயித்தோட அவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதுக்குப் பிறகு நான் ஒரு கிணத்திலும் கப்பியிலை தண்ணி அள்ளினதில்லை."

சோமசேகரம் என்ற அந்த மனிதருக்குத் திவசமும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. எலும்பு ஏதும் வந்தால் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு அன்றைக்கே பொட்டை அழிப்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் கிணற்றுக்குள் இருக்கிறாரா, இல்லையா.

"மோட்டரைப் போட்டு அடியோட இறைச்சா எல்லாம் தெரியுமே அண்ணை" என்றாள் வித்தியா.

பக்கத்துக் காணி மார்க்கண்டு கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தார். எழுபதைக் கடந்தவர், வேலிக்கு அந்தப்பக்கம் எது நடந்தாலும் இந்தப்பக்கம் வந்துவிடுகிறவர். "இறை பிள்ளை, இறை. நாளையிலையிருந்து ஒழுங்கை முழுக்க உப்புத் தேத்தண்ணிதான். பிறசர்காரன் எனக்கு உப்பு நல்லதுதானே."

"மாமா, நீங்கள் சும்மா இருங்கோ."

"அண்ணை சொல்லுறது சரிதான் தங்கச்சி" என்றார் சிவரூபன். "இந்தக் கல்லுக்குக் கீழை கடல் வந்து நிக்குது. உப்புத்தண்ணி பாரம், நல்லதண்ணி லேசு. அதாலைதான் மேலே மிதந்துகொண்டு கிடக்கு, எண்ணெய் கிடக்கிறமாதிரி. மேலை உள்ளதை ஒரேயடியா எடுத்தா, கீழை இருக்கிறது எழும்பி வரும். பிறகு எத்தினை மாரி பெய்தாலும் பழைய தண்ணி வருமெண்டு சொல்லேலாது."

வித்தியா தாயைப் பார்த்தாள். கனகாம்பிகை குடத்தோடு போகிற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர் குடிக்கிற தண்ணி. இறைக்கவேண்டாம். தம்பி, நீர் கரண்டியைப் போட்டுப் பாரும்."

பாதாளக்கரண்டி இறங்கியது. அடியைத் தொட்டதும் சிவரூபன் அதை மெல்ல மெல்லச் சுற்றிவர இழுத்தார். சேறு, கல், மறுபடி சேறு. பிறகு மாட்டியது. தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது.

நீர்வேலியிலும் இப்படித்தான் லேசாக வந்தது. இரும்பு இப்படி வராது. கனகாம்பிகை எதிர்ப்பக்கக் கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வித்தியா அவளுடைய இடுப்பைப் பிடித்திருந்தாள். அந்தச் சாண் தூரத்தில் சிவரூபன் நிறுத்தினார். மிச்சமிருந்த சுவர்த்துண்டைப் பார்த்தார்.

"ஏன் நிப்பாட்டினனீர்?" என்றாள் கனகாம்பிகை.

அவர் கால்களை மண்ணில் ஊன்றினார். இழுத்தார்.

நீல நிறக் கயிறு வந்தது, பாசி பிடித்த நைலோன். அதன் நுனியில் ஒரு கல் தொங்கியது. நீண்ட, உருண்ட, வழுவழுப்பான கல். யாரோ இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"என்ரை அம்மிக்குழவி" என்றாள் கனகாம்பிகை.

"அம்மி அங்கை பத்தைக்கை தனியக் கிடக்கு. சோடி வந்து சேந்திட்டுது" என்று தொடங்கிய மார்க்கண்டு, ஒருவரும் சிரிக்காததைக் கண்டு தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கயிற்றின் மறுமுனை கீழே எதிலோ இறுகியிருந்தது. சிவரூபன் அதன் வழியே கம்பிக்கயிற்றை இறக்கி, கொளுக்கியை மாட்டிச் சங்கிலியை இழுத்தார். முக்காலி முனகியது. நீருக்கு வெளியே வந்த கணத்தில் பாரம் முழுவதும் சங்கிலியில் விழுந்தது. பிறகு கறுத்து, சேறு வழிய எஞ்சின் தொங்கியது. சிவரூபன் மறுபடி கரண்டியை இறக்கி அடி முழுவதையும் துழாவினார், ஒரு மூலையும் விடாமல். வேறொன்றும் மாட்டவில்லை.

அவர் கயிற்றைக் கையில் எடுத்து முழம் முழமாக வழித்துக்கொண்டு போனார். எஞ்சினுக்கும் குழவிக்கும் நடுவே விரல் ஓரிடத்தில் வழுக்கியது. பாசியைத் துடைத்தார். நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணாடிபோல இறுகி மினுங்கின. கொஞ்சம் தள்ளி மறுபடி அப்படியே. தூணிடம் போனார். துருவுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், இரும்பைச் சுற்றி நீலம் அப்பிக் காய்ந்திருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோசத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அக்கா, மனுசன் கெட்டிக்காரன். எஞ்சினை அலவாங்காலை நெம்பிக் கட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். கப்பிக்கு மேலாலை போட்ட கயித்தை வெறுங்கையிலை பிடிக்கேல்லை. இந்தத் தூணிலை ரெண்டு மூண்டு சுத்துச் சுத்தித்தான் விட்டிருக்கிறார். பாரத்தைத் தூண் பிடிச்சுக்கொண்டுது. கயிறு உரஞ்சி உரஞ்சி மெல்லமா இறங்கியிருக்கு. அவ்வளவு பாரம் விழுற பலம் எங்கை போகும்? அது ஒரு இடமும் மறையாது. சூடா மாறியிருக்கு. அந்தச் சூட்டிலைதான் கயிறு உருகியிருக்கு. பிறகு ஆறேக்கை திரும்ப இறுகீட்டுது. இஞ்சை தொட்டுப் பாருங்கோ."

அவள் தொடவில்லை.

"எஞ்சின் கீழை போய் இருந்தாப் பிறகு கயித்துத் தலைப்பிலை உங்கடை குழவியைக் கட்டித் தாட்டிருக்கிறார், கயிறு மிதந்து ஒருத்தற்றை கண்ணிலும் படக்கூடாதெண்டு. இழுபட்டு விழுந்த ஆள் முடிச்சுப் போடேலாது அக்கா. அவர் கிணத்துக்கை இல்லை. வேலையை முடிச்சிட்டு வெளிக்கிட்டிட்டார்."

வித்தியா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மார்க்கண்டு "சிவ சிவா" என்றார். கனகாம்பிகை கயிற்றின் மினுங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கயிறு உருகிற சூடெண்டா, பிடிச்ச கை?"

"கை பொசுங்கித்தான் இருக்கும். கடைசிப் பிடி கையாலைதானே."

"ரெண்டு கையுமோ?"

"ரெண்டுந்தான். கொப்புளம் போட்டிருக்கும். அதுக்குப் பிறகு துணி சுத்தாமல் ஒண்டையும் பிடிச்சிருக்க ஏலாது."

அவள் தலையை ஆட்டினாள், சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவளைப்போல. தகரவீட்டுக்குள் போனாள். சிவரூபன் முக்காலியைக் கழற்றி, சங்கிலியைச் சாக்கில் போட்டு, குழாய்களைப் பெட்டியில் ஏற்றுகிறவரைக்கும் வெளியே வரவில்லை. விடைபெறக் கதவடியில் நின்று "அக்கா, வாறன்" என்றார்.  வித்தியாதான் வந்து தேத்தண்ணி தந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர்.

கோப்பாய்க்குத் திரும்புகிற வழியெல்லாம் அவருக்கு மனம் நிறையவில்லை. கிணற்றுக்குள் இருந்தால் ஒரு இடமாவது இருந்திருக்கும். அந்த இடத்தை அவர் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எஞ்சினைத் தூக்குகிற சங்கிலி இருக்கிறது. ஒழுங்கையால் நடந்து போன ஒரு மனிதனை எதில் மாட்டித் தூக்குவது? அன்று இரவு குணலட்சுமி இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட வந்தார்.

"என்ன, ஒண்டும் அகப்படேல்லையோ?"

"இல்லை. ஆள் அதுக்கை இல்லை."

"அப்ப நல்லதுதானே."

"ஓம்" என்றார்.

மாரி தொடங்கிய நாளொன்றில் வித்தியா அவருடைய கொட்டிலுக்கு வந்தாள். மோட்டர்க் குழாயின் அடிக்கு ஒரு ஃபுட் வால்வ் வேணும். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சாமானைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தபோது, தாய் எப்படி என்று கேட்டார். இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிறாவா என்றும் கேட்டார்.

"குடிக்கிறா" என்றாள். "ஆனா ஆடி அமாவாசைக்கும் கீரிமலைக்குப் போகேல்லை. பொட்டும் அப்படியே." வால்வைப் பைக்குள் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "நீங்கள் வந்திட்டுப் போன அண்டைக்குப் பின்னேரம் அம்மா எனக்கு ஒரு கதை சொன்னவ, அண்ணை. முந்தி ஒருநாளும் சொன்னதில்லை."

தொண்ணூறில் ஓடிவந்து, இங்கே கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். வகுப்பறை ஒன்றில் எட்டுப் பத்துக் குடும்பம். வந்து சேர்ந்து கொஞ்ச நாளில், மத்தியானம் போல, சோறு பங்கிடுகிற இளைஞன் ஒருவன் வாசலில் நின்று சத்தம்போட்டிருக்கிறான். வெளிவாசல் படலையடியில் ஒரு மனுசன் நிக்கிறார், காய்ச்சல், குரலும் எழும்புதில்லை, கைக்குழந்தையோட வந்த மனுசியைத் தேடுறார். பேர் சொன்னவர், சனச் சத்தத்திலை எனக்கு விளங்கேல்லை. ரெண்டு கையும் பொசுங்கித் துணி சுத்தியிருக்கு. ஆரின்ரை ஆள்?

இதேபோல நாள் முழுக்க ஆரோ ஆரையோ தேடி வந்துகொண்டிருந்த காலம். பிள்ளைக்கும் காய்ச்சல், அப்போதுதான் மடியில் கண்ணயர்ந்திருந்தது. கனகாம்பிகை எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள், எங்கடை ஆளுக்குக் கையிலை ஒரு காயமும் இல்லை, அது வேற ஆரோ. அந்த இளைஞன் அடுத்த வகுப்பறைக்குப் போனான்.