பாப்பா என்று பாடியவள்

மாலை நாலு இருபதுக்கு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வைத்து, ஒரு ரஷ்யப் பாடகி என் காதை அடைத்தாள். அதிலிருந்துதான் எல்லாம் கோணலாகப் போனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, விடுமுறை முடிந்து அன்றுதான் திண்டுக்கல்லில் ரயிலேறினார். அந்த விடுமுறையெல்லாம் நான் போட்டுக் கேட்ட தன் வாக்மேனையும் கேசட்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கேசட் முழுக்க அந்த ஊரில் புதிதாக வந்திருந்த பெண்களின் பாட்டு. ஒரு சொல்லும் புரியாது. புரியாததாலோ என்னவோ, குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்துபோயின. ஜலதோஷம் பிடித்ததுபோல் பாடுகிறவள் சளி அக்கா. நடுவில் மூச்சிரைக்கச் சிரிப்பவள் மாடிப்படி அக்கா. கடைசிப் பாட்டுக்காரிக்கு மட்டும் நான் பெயர் வைக்கவில்லை. அவள் “பாப்பா, பாப்பா” என்று உருகுவாள். வீட்டில் என்னையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஒன்னையத்தேன் கூப்புடுறா. ஒம் போட்டாவ அவகிட்டக் காட்டிட்டுல்ல வந்தேன்” என்றிருந்தார் சித்தப்பா. நாலு வருடம் அந்த ஊரில் இருந்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

எங்கள் ஊர் சேவுகம்பட்டிக்குத் திரும்ப எங்களுக்கு வத்தலக்குண்டு பஸ் வேண்டும். அப்பா என்னைத் தூணோரம் நிறுத்திவிட்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனார். நான் ஹெட்போனை மாட்டினேன். ஒரு பஸ் வந்தது, கூட்டம் ஓடியது. அப்பாவின் சட்டையைப் போல ஒரு வெள்ளைச் சட்டை முன்னால் ஏறியது. நானும் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் சட்டையை மறந்துவிட்டேன்.

பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் மகள் என்று நினைத்துக் கண்டக்டர் என்னை எதுவும் கேட்கவில்லை. அக்காக்கள் ஒவ்வொருவராக வந்து பாடினார்கள். கடைசிப் பாட்டில் பேட்டரி இறங்கியது. அவள் குரல் இழுபட்டு, தடித்து, ஆண்குரலாகி, கிணற்றுக்குள்ளிருந்து “பா...ப்பா” என்றது. பயந்து நிமிர்ந்தேன். எங்கள் வழியில் இந்நேரம் செம்பட்டி வந்திருக்க வேண்டும். வந்திருந்தது ஒட்டன்சத்திரம்.

“ஏங்கண்ணு, யாருகூட வந்தே?” என்றார் கண்டக்டர்.

“அப்பாகூட. வத்தலக்குண்டுக்கு.”

“இது பழனி வண்டி கண்ணு!”

“காதுல அத மாட்டிக்கிட்டா எமன் வந்து கூப்புட்டாலும் கேக்காதுங்க” என்றார் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற ஒருவர். பஸ்ஸே சிரித்தது. நான் அழுதேன்.

டைம் கீப்பர் அறையில் என்னை உட்காரவைத்து, திண்டுக்கல்லுக்குப் போன் செய்தார்கள். ஒரு பன்னும் கிடைத்தது. அழுகை நின்றதும் புது பேட்டரிக்கு அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள். பதிமூன்று வயது. அவளுக்கும் ரஷ்யப் பாடகிகள் என்றால் உயிர், இன்றைக்குப் பாடுகிறவர்கள். நானும் சேர்ந்து கேட்பேன். என் அக்காக்கள் வாய்விட்டுப் பாடினார்கள். இவர்கள் காதுக்குள் ரகசியம்போல முணுமுணுத்துவிட்டு, எதிர்பாராத இடத்தில் எழும்பி நெஞ்சைப் பிடிக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை டியூஷன் முடிந்து ஐந்தே முக்காலுக்கு வரவேண்டியவள் ஏழரைக்கு வந்தாள். அத்தனை நேரமும் போனை எடுக்கவில்லை. “பாட்டுக் கேட்டுக்கிட்டே ஸ்டாப்பத் தாண்டிப் போயிட்டேம்மா” என்றாள், சாதாரணமாக. என்னைச் சமாதானப்படுத்த அந்தப் பாட்டையே போட்டாள். அதிலும் ஒருத்தி பாப்பா, பாப்பா என்றாள்.

“இவளும் கொழந்தையத்தான் கூப்புடுறாளா?”

“ஐயோ அம்மா, அவங்க பாஷைல பாப்பான்னா அப்பா. கீழ அர்த்தம் ஓடுது பாருங்க.”

முப்பது வருடமாக என்னைக் கூப்பிடுகிறாள் என்று நான் நம்பியிருந்தவள், தன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். போனை மகளிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன், என் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒட்டன்சத்திரத்துக்கு அன்று ஆறே முக்காலுக்கு அப்பா வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. மாத்திரைக் கவர் கசங்கிப்போய்க் கையிலேயே இருந்தது. அடிக்கவில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் ஒயரில் சிக்கிக்கொண்டன.

“ஏம்ப்பா ஒங்க கை இப்புடி ஆடுது?”

“பஸ்ஸுல வந்தேன்ல, அந்த ஆட்டம்.”

“நானும் பஸ்ஸுலதான வந்தேன். எனக்கு ஆடலையே?”

“ஒனக்கு இப்ப ஆடாது பாப்பா” என்றார்.